மேரிஹில் மலையிறக்க ஸ்கேட்போர்டு பந்தயம்: ஃபினிஷ் லைனில் நிற்காதீர்கள்

முதல் நாள் நாங்கள் ஃபினிஷ் லைனில்தான் நின்றோம். நாலு பேர் ஒருவர் பின் ஒருவராகக் குனிந்தபடி வந்தார்கள், கோட்டைத் தாண்டினார்கள், காலைத் தேய்த்து நின்றார்கள். கைதட்டினோம். அப்புறம் கால் மணி நேரம் வெறும் வெயில். மறுபடி நாலு பேர். அப்பா வாட்சைப் பார்த்துவிட்டு, "ஏன்டா, இதுக்கா ரெண்டு மணி நேரம் காரை ஓட்டிட்டு வந்தே?" என்றார். மறுநாள் ஒரு கொண்டை ஊசி வளைவுக்கு மேலே சரிவில் இடம் பிடித்து உட்கார்ந்தோம். சாயந்திரம் நான் கிளம்பலாம் என்றபோது, "இர்றா, ஃபைனல் முடியட்டும்" என்றவரும் அதே அப்பாதான். ஒரே பந்தயம், ஒரே ஆட்கள். உட்கார்ந்த இடம்தான் வேறு.

நாங்கள் இருப்பது போர்ட்லண்டுக்கு மேற்கே ஹில்ஸ்பரோவில். மகளுக்குப் பதினாறு வயது, இரண்டு வருஷமாக லாங்போர்டு, அதாவது நீளமான ஸ்கேட்போர்டு, பைத்தியம். எமிலி பிராஸ் என்று ஒரு வீராங்கனை, மலையிறக்கத்தில் பலமுறை உலக சாம்பியன். அவர் படம்தான் இவள் போனில் முகப்பு. அப்பா நாமக்கல்லிலிருந்து ஆறு மாசத்துக்கு வந்திருக்கிறார். முப்பத்து நாலு வருஷம் லாரி ஓட்டியவர். அதில் முதல் சில வருஷங்கள் கொல்லிமலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு லோடு இறக்கியவர். 70 கொண்டை ஊசி வளைவு உள்ள அந்த ரோட்டில் ராத்திரியில் இறங்கிப் பழகிய ஆளிடம் போய், "பலகையில் நின்றுகொண்டு மலையிலிருந்து இறங்குவார்கள், பார்க்க வாருங்கள்" என்று சொன்னால் என்ன மரியாதை கிடைக்கும்? "பிரேக் இருக்குமா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். அதற்காகவே வந்தார்.

இடத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். கொலம்பியா ஆற்றின் வடகரை, வாஷிங்டன் மாநிலம். போர்ட்லண்டிலிருந்து 84-ம் நம்பர் நெடுஞ்சாலையில் ஆற்றை ஒட்டியே கிழக்கே போனால், முதல் ஒரு மணி நேரம் பச்சைக் காடும் அருவியுமாக இருக்கும். அப்புறம் யாரோ துணியை உருவினமாதிரி மரமே இல்லாத பழுப்பு மலைகள். பிக்ஸ் ஜங்ஷனில் பாலத்தைத் தாண்டினால் மேரிஹில். காய்ந்த புல், காற்றாலைகள், கீழே நீலமாக ஆறு, இரு கரையிலும் சரக்கு ரயில். வானம் தெளிவாக இருந்தால் மேற்கே பனி மூடிய மவுண்ட் ஹுட். அப்பா இறங்கியதும் காற்றாலைகளைப் பார்த்துவிட்டு "ஆரல்வாய்மொழி மாதிரி இருக்கு" என்றார். காற்றும் கிட்டத்தட்ட அப்படித்தான். அதைப் பிறகு சொல்கிறேன், எங்களுக்கு அதில் ஒரு கதை இருக்கிறது.

பந்தயம் நடக்கிற ரோட்டுக்கு மேரிஹில் லூப்ஸ் என்று பேர். சாம் ஹில் என்று ஒரு பணக்காரர், ரயில்வே வக்கீல், கார் வந்த புதிதில் நல்ல ரோடு வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசித் திரிந்தவர். அரசாங்கத்தை நம்பாமல் 1909 முதல் 1913 வரை சொந்தக் காசில் இந்த மலையில் ரோடு போட்டார். ஏழு விதமான தளம் போட்டு எது நிலைக்கிறது என்று பார்த்திருக்கிறார்கள். சாமுவேல் லங்காஸ்டர்தான் பொறியாளர். அந்தக் காலத்துக் கார்கள் ஏறவேண்டுமே, அதனால் சரிவைச் சுமார் 5 சதவீதத்துக்குள் அடக்கி, மலையை வளைத்து வளைத்துச் சுற்றியிருக்கிறார்கள். இன்று மிச்சமிருக்கும் 5.8 கி.மீ. நீளத்தில் 25 வளைவு, அதில் 8 கொண்டை ஊசி. 1998-ல் செப்பனிட்டார்கள். மற்ற நாட்களில் நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் மட்டும்தான் அனுமதி. கார், லாரி போகாது. அதனால் தளத்தில் குழி கிடையாது, ஆயில் கறை கிடையாது. ஸ்கேட்போர்டுக்காரர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

5 சதவீதம் என்றதும் அப்பா சிரித்தார். "நூறு மீட்டருக்கு அஞ்சு மீட்டரா? இதுல சைக்கிள்ல பிரேக் பிடிக்காமயே வரலாம்டா." எனக்கும் லேசான ஏமாற்றம்தான். இந்த விளையாட்டில் ஒரு உலக சாதனை மணிக்கு 146.73 கி.மீ. 2017-ல் கனடாவின் கியூபெக்கில் பீட்டர் கானலி என்பவர் செய்தது. அந்த மாதிரி ஏதோ பார்க்கப்போகிறோம் என்று நினைத்துத்தான் கிளம்பியிருந்தேன். மேரிஹில்லில் 60, 70 கி.மீ.தான் போவார்கள். அந்த எண்ணைக் கேட்டு நீங்களும் உதட்டைப் பிதுக்கினால், கொஞ்சம் பொறுங்கள்.

முதல் நாள் தகுதிச்சுற்று. ஒவ்வொருவராக இறங்கி நேரம் எடுப்பார்கள். பார்க்க ஒன்றுமில்லை, உண்மையாகவே. அப்பாவுக்குப் பிடித்தது இரண்டே விஷயம். ஒன்று, இறங்கியவர்களை மறுபடி மேலே ஏற்றிப்போக வந்த பெட்டி லாரிகள். ஒவ்வொன்றிலும் லெதர் சூட் போட்ட பையன்களும் பெண்களும் பலகையோடு நெருக்கியடித்து ஏறுவார்கள். சந்தைக்கு ஆடு ஏற்றுகிற மாதிரி. டிரைவர் வளைவில் எந்த கியரில் ஏறுகிறார் என்று காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டாவது, ஸ்ட்ரீட் லூஜ் என்று மல்லாக்கப் படுத்தபடி இறங்குகிறவர்களின் ஷூ. அடியில் டயர் ரப்பரை வெட்டி ஒட்டியிருந்தார்கள். அதுதான் அவர்களுக்கு பிரேக். "அப்பாரு, ஷூவே பிரேக்" என்று மகள் விளக்கினாள். அப்பா ஒரு ஷூவைத் திருப்பிப் பார்த்து, "ரீட்ரெட் பண்ணியிருக்காங்க" என்றார். நாமக்கல்காரருக்கு இதைவிட எளிதாக அதை விளக்க முடியாது.

இரண்டாம் நாள்தான் உண்மையான பந்தயம். நாலு நாலு பேராக விடுவார்கள். முதலில் வரும் இரண்டு பேர் அடுத்த சுற்றுக்கு, மற்றவர்கள் வீட்டுக்கு. மேலே கொடி இறங்கியதும் ஓட்டமாக நாலைந்து முறை தரையை உதைத்துத் தள்ளிக்கொண்டு, அப்புறம் குனிந்து விடுகிறார்கள். அதற்கு டக் என்று பேர்: பின்கால் முட்டி முன்காலின் கெண்டைச்சதைக்குப் பின்னால் ஒட்டி, கை இரண்டும் முதுகுக்குப் பின்னால், தாடை முட்டிக்கு மேலே. இறக்கம் குறைவான ரோடு என்பதால் அந்த முதல் தள்ளலிலேயே பாதி பந்தயம் முடிவாகிறது என்று மகள் சொன்னாள்.

ரோட்டை மூடும் முன்பே போய் இடம் பிடிக்கவேண்டும். பந்தயம் தொடங்கிவிட்டால் குறுக்கே கடக்க விடமாட்டார்கள், சாப்பாட்டு இடைவேளை வரை போன இடத்திலேயே இருக்கவேண்டியதுதான். நாங்கள் இடது பக்கம் திரும்புகிற ஒரு வளைவுக்கு மேலே, வைக்கோல் கட்டுகளுக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தோம். அங்கிருந்து மேலே ஒரு நேர்ரோடும், கண்ணுக்குக் கீழே வளைவும், அதற்கப்புறம் அடுத்த வளைவு வரையும் தெரிந்தது. மலைச்சாலையில் இப்படி மூன்று துண்டு தெரிகிற இடம் கிடைத்தால் விடாதீர்கள்.

முதலில் சத்தம்தான் வரும். தார் ரோட்டில் உருளும் சக்கரத்தின் தொடர்ந்த இரைச்சல், தூரத்தில் மழை வருவதுபோல. அப்புறம் மேல்வளைவில் தலைகள். நேர்ரோட்டில் ஒருவர் முதுகில் ஒருவர் ஒட்டிக்கொண்டு, நாலும் ஒரே ஜந்து மாதிரி வருகிறது. வளைவுக்கு இருபது, முப்பது மீட்டர் முன்னால் முதல் ஆள் திடீரென்று நிமிர்கிறான். இரண்டு கையையும் விரித்து மாரைக் காற்றுக்குக் கொடுக்கிறான். அதிலேயே கொஞ்சம் வேகம் போகிறது. அடுத்த நொடி குந்தி, உறை போட்ட கையைத் தரையில் ஊன்றி, பலகையைக் குறுக்கே திருப்புகிறான். நாலு சக்கரமும் உருளாமல் பக்கவாட்டில் இழுபடும். அந்தக் கிறீச்சொலி கேட்டுப் பக்கத்திலிருந்த குழந்தை காதைப் பொத்திக்கொண்டது. தரையில் நாலு வெள்ளைக் கோடு. ஒரு நொடிக்குள் பலகையை நேராக்கி, கையை எடுத்து, மறுபடி குனிந்து போய்விட்டான். கையுறையின் உள்ளங்கையில் வட்டமாகக் கெட்டி பிளாஸ்டிக் வில்லை ஒட்டியிருக்கும், அதுதான் தரையில் வழுக்குவது. கலிபோர்னியாவின் பெர்க்லியைச் சேர்ந்த கிளிஃப் கோல்மன் என்பவர் எழுபதுகளில் பழக்கிக்கொண்டது, அவர் பேரில்தான் கோல்மன் ஸ்லைட் என்கிறார்கள். நாலு பேரும் போன பிறகுதான் வாசனை வந்தது. சக்கரத்தின் யுரேத்தேன் தேய்ந்த வாசனை. பிளாஸ்டிக் கருகினமாதிரி, ஆனால் லேசான இனிப்போடு.

அப்பா ஒன்றும் பேசவில்லை. அடுத்த நாலு பேரும் போனார்கள். அதற்கடுத்த நாலு பேரும். அப்புறம் சொன்னார்: "ஒவ்வொருத்தனும் வேற வேற இடத்துல பிரேக் பிடிக்கிறான் பாரு. மஞ்சச் சட்டைக்காரன் ரொம்ப முன்னாடியே பிடிச்சுட்டான். ஆனா வளைவுக்கு வெளிய வரும்போது அவன்தான் வேகமா இருக்கான். வளைவுக்குள்ள பிரேக் பிடிக்கிறவன் டிரைவரே இல்ல." எங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தமிழ் தெரிந்திருந்தால் குறிப்பெடுத்திருப்பார்கள்.

அதற்கப்புறம் அவரே ஒன்றைக் கண்டுபிடித்தார். நேர்ரோட்டுக்கு முதலில் வருகிறவன் கீழ்வளைவுக்கு முதலில் போவதில்லை. திரும்பத் திரும்ப அப்படித்தான் நடந்தது. காரணம் காற்று. ஆற்றுப் பள்ளத்தாக்கில் கோடையில் மேற்கிலிருந்து விடாமல் வீசும். ரோடு பாம்புபோலப் புரளுவதால் ஒரு துண்டில் அது முதுகைத் தள்ளும், கொண்டை ஊசி திரும்பினதும் அப்படியே முகத்தில் அறையும். முன்னால் போகிறவன் அதை முழுசாக வாங்கிக்கொள்ள, பின்னால் ஒட்டி வருகிறவன் அவன் நிழலில் ஓய்வெடுத்துக்கொண்டு, வளைவுக்கு முன் விலகி முந்துகிறான். இதற்கு டிராஃப்டிங் என்று பேர். "நாக்பூர் ரோட்ல நாங்க பண்ணாததா?" என்றார் அப்பா. "முன்னால போற வண்டி காத்தை உடைச்சுக் குடுக்கும், நாம வால் பிடிச்சுப் போனா டீசல் மிச்சம்." செங்குத்தான மலைகளில் துணிச்சல்காரன் ஜெயிப்பானாம். மேரிஹில்லில் பொறுமைக்காரன் ஜெயிக்கிறான். 60 கி.மீ. என்று உதட்டைப் பிதுக்கினேன் அல்லவா, அந்த வேகத்தில்தான் நாலு பேரும் பிரியாமல் கடைசிவரை ஒட்டிக்கொண்டே வருகிறார்கள். கடைசி வளைவு வரை யார் ஜெயிப்பார்கள் என்று சொல்லமுடியாததும் அதனால்தான். முதல் நாள் ஃபினிஷ் லைனில் நின்றபோது இதில் எதுவுமே எங்களுக்குத் தெரியவில்லை.

சாப்பாட்டு இடைவேளையில் புளிசாதத்தைப் பிரித்தோம். பக்கத்தில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்து வந்த ஒரு பையன் பலகையைக் கவிழ்த்துப்போட்டுச் சக்கரம் மாற்றிக்கொண்டிருந்தான். அப்பா கேட்காமலே ஒரு சக்கரத்தை எடுத்துக் கட்டைவிரலால் தடவினார். "ஒரு பக்கமா தேஞ்சிருக்கு. அலைன்மென்ட் போச்சு." மகள் மொழிபெயர்த்தாள். பையன் சிரித்து, அலைன்மென்ட் இல்லை, ஒரே பக்கம் வழுக்குவதால் சக்கரம் கூம்பு மாதிரி ஆகிவிடும், அதனால் முன்பின், இடம்வலம் மாற்றிப் போட்டுக்கொண்டே இருப்போம் என்றான். "டயர் ரொட்டேஷன்" என்றார் அப்பா நேரே அவனிடமே, இங்கிலீஷில். அப்புறம் அந்த உரையாடலுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. சக்கரத்தைத் தாங்கும் அச்சு செட்டுக்கு ட்ரக் என்றுதான் பேர் என்று தெரிந்ததும் அப்பாவுக்கு அந்தப் பையன்மேல் பாசமே வந்துவிட்டது. அதில் ரப்பர் மாதிரி இரண்டு புஷ் இருக்கும், லாரியில் இருப்பதுபோலவே. மெத்தென்று போட்டால் நன்றாகத் திரும்பும், ஆனால் வேகத்தில் ஆடும். முன் ட்ரக் 50 டிகிரிக்குப் பக்கத்தில் சாய்ந்து நிறையத் திரும்புகிறது, பின் ட்ரக் 20, 25-தான். பின்பக்கம் அதிகம் திரும்பினால் பலகை துடிக்க ஆரம்பித்து ஆளைக் கவிழ்த்துவிடும். "பின்ன, ஸ்டியரிங் முன்னாடிதானே இருக்கணும்" என்றார் அப்பா.

விழுவார்களா என்று எல்லோரும் கேட்கிறார்கள். விழுவார்கள். மதியம் எங்கள் வளைவிலேயே ஒருவன் தாமதமாகத் திருப்பி, பக்கத்தில் வந்தவன் சக்கரம் தட்டி, வைக்கோல் கட்டுக்குள் போய்ச் செருகினான். சிவப்புக் கொடி, விசில், முதலுதவிக்காரர்கள் ஓட்டம். கட்டுகளுக்கு நடுவிலிருந்து எழுந்து, லெதர் சூட்டின் தோளில் கிழிந்திருந்ததைப் பார்க்காமல், முதலில் பலகை எங்கே என்று தேடினான். முழுமுகத் தலைக்கவசம், லெதர், கையுறை இல்லாமல் இங்கே யாரையும் இறங்க விடுவதில்லை. அரை மணி நேரம் பந்தயம் நின்றது. மகள் அந்த அரை மணியும் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளும் இதைத்தான் செய்கிறாள், வேகம்தான் கம்மி என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

சரி, குறைகள். வளைவில் உட்கார்ந்தால் யார் ஜெயித்தார்கள் என்று தெரியாது. திரை கிடையாது, ஒலிபெருக்கி சத்தத்தைக் காற்று தின்றுவிடும். பந்தயத் தாளை வைத்துக்கொண்டு ஹெல்மெட் நிறத்தைக் குறித்துக்கொள்வதுதான் வழி. அப்பா லாரி ஓனருக்கு டிரிப் ஷீட் எழுதுகிறவர் மாதிரி குறித்துக்கொண்டே இருந்தார். கழிப்பறைக்குப் போகவேண்டுமானால் இடைவேளை வரை அடக்கவேண்டும். காத்திருப்பு நிறைய, ஓட்டம் கொஞ்சம். நாலு பேர் இறங்குகிற ஒரு ஹீட்டுக்கு உங்கள் கண்ணில் படுவது பத்துப் பன்னிரண்டு நொடிதான். கிரிக்கெட்டில் அடுத்த பந்துக்குக் காத்திருக்கப் பழகினவர்களுக்கு இது பிரச்சினையில்லை.

நிழல் ஒரு பொட்டுக்கூடக் கிடையாது. எங்களுக்கு முன்பே தெரியும் என்பதால் ஒரு பெரிய கடையில் மடக்குக் கூடாரம் வாங்கிப் போயிருந்தேன். பெட்டியில் காற்றைத் தாங்கும் என்று போட்டிருந்தது. பிரித்து நாலு காலையும் ஊன்றி முளையடித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு வீச்சு வந்தது. ஒரு காலை மட்டும் என் கையில் விட்டுவிட்டு மீதி மொத்தமும் சரிவில் உருண்டு போனது. நல்ல வேளை, ரோட்டுப் பக்கம் போகாமல் மேல்பக்கம் ஒரு வேலியில் மாட்டிக்கொண்டது. ரோட்டுக்குப் போயிருந்தால் அன்றைக்குச் சிவப்புக் கொடி எங்களுக்குத்தான். கொடி வைத்திருந்த அம்மா வந்து, திட்டாமல், "இங்கே எல்லோரும் ஒருமுறை செய்வதுதான்" என்று சொல்லி மடக்க உதவினார். குடை, கூடாரம் எதுவும் வேண்டாம். அகலத் தொப்பி, தாடைக்குக் கீழே கட்டுகிற கயிறோடு. முழுக்கைச் சட்டை. ஆளுக்கு நாலு லிட்டர் தண்ணீர். தலையில் கட்டிய துண்டோடு வந்த அப்பா ஒருவர்தான் அன்றைக்குத் தோல் உரியாமல் வீடு திரும்பினார். காலில் நல்ல ஷூ போடுங்கள். காய்ந்த புல்லில் கிலுகிலுப்பைப் பாம்பு உண்டு, உட்காரும் முன் தட்டிப் பாருங்கள்.

நேரம் இருந்தால் பக்கத்திலேயே சாம் ஹில் கட்டிய வீடு இருக்கிறது, இப்போது அருங்காட்சியகம். 1940-ல் திறந்தது. இந்தப் பொட்டலில் பிரெஞ்சுச் சிற்பி ரொதானின் சிற்பங்கள் இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கமாட்டார்கள். கொஞ்ச தூரம் தள்ளி, முதல் உலகப்போரில் இறந்த உள்ளூர் வீரர்களுக்காக அவரே கான்கிரீட்டில் கட்டிய, இங்கிலாந்தின் பழங்காலக் கல்வட்டமான ஸ்டோன்ஹெஞ்சின் நகலும் உண்டு. ஒரு மனுஷனுக்கு இவ்வளவு ஆசை ஆகாது என்றார் அப்பா. ஆற்றோரத் தோட்டங்களில் அந்தச் சமயம் செர்ரி பழம். ஒரு பெட்டி வாங்கினோம், வீடு வருவதற்குள் பாதி காலி.

மதிப்பெண் போடவேண்டுமென்றால், ஃபினிஷ் லைனில் நிற்பதானால் ஐந்துக்கு இரண்டு. வளைவில் உட்கார்ந்தால் நாலரை. ஒரே நாள்தான் போகமுடியும் என்றால் தகுதிச்சுற்றை விட்டுவிட்டு இரண்டாம் நாள் மட்டும் போங்கள். ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளைக் கூட்டிப்போகாதீர்கள், பாவம்.

அடுத்த சனிக்கிழமை காலையில் கராஜில் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். மகளின் பலகை கவிழ்ந்து கிடந்தது. அப்பா என் டூல் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு பின் ட்ரக்கின் நட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். "முன்னாடி இருக்கிறபடி இருக்கட்டும். பின்னாடி அரைத் திருகு டைட் வெச்சாப் போதும்" என்று இவளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "ஆனா இந்த நட்டுக்கு 14 ஸ்பேனர் ஏறமாட்டேங்குது, 15 லூசா சுத்துது. என்ன சைஸ்டா இது?"

"அது இஞ்ச் கணக்குப்பா" என்றேன். "ஒன்பதின் கீழ் பதினாறு. இங்கே எல்லாம் அப்படித்தான்."

"அதான பாத்தேன்" என்று சொல்லி, மகள் நீட்டிய ஸ்கேட் டூலைக் கையில் வாங்கி எடை பார்த்தார்.